கேள்வி - பதில்: பழைய பைக், தெரியாத ரகசிய எண்

கேள்வி: பழைய ஹார்லி-டேவிட்சன் வாங்கினேன். ஒரு ஃபாப் (பைக்கின் திருட்டுத் தடுப்பு பூட்டை விடுவிக்கும் சிறிய ரிமோட்) மட்டும் கிடைத்தது. ஃபாப் இல்லாதபோது பூட்டை விடுவிக்கும் ரகசிய எண் விற்றவருக்கே நினைவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எண் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. மின்சாரம் துண்டித்தாலும் எண் வண்டியின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். அலாரம் பொருத்தியிருந்தால், வயரைக் கழற்றும்போது அது அலறுவதுதான் மிச்சம்.

முதலில் உரிமையாளர் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஐந்து இலக்க எண்ணைக் குறித்து வைக்கும் சிறிய அட்டை அதில் இருக்கும். பலர் அதைக் கிழித்துப் பர்ஸில் வைத்திருப்பார்கள். விற்றவரிடம் அதையும் கேளுங்கள்.

ஃபாப் வேலை செய்யும்போதே எண்ணை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இக்னிஷனையும் இண்டிகேட்டர் சுவிட்சுகளையும் வைத்தே மாற்றலாம். அழுத்தும் வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உங்கள் மாடலின் கையேட்டையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு இலக்கமும் 1 முதல் 9 வரைதான். பூஜ்யம் கிடையாது, ஏனென்றால் இடது இண்டிகேட்டரை அழுத்தும் எண்ணிக்கைதான் இலக்கம். வலதை ஒருமுறை அழுத்தினால் அடுத்த இலக்கத்துக்குப் போகும். பலர் தவறுவது எண்ணிக்கையில்தான். தவறினால் கையேட்டில் சொன்னபடி மறுபடி முயலுங்கள்.

ஃபாபில் பேட்டரி தீர்ந்தால் வழியில் நிற்பீர்கள். எண்ணை மாற்றும் கையோடு அதையும் புதிதாகப் போடுங்கள். ஃபாபும் தொலைந்து எண்ணும் தெரியாவிட்டால் டீலரின் கணினிதான் வழி. உரிமைப் பத்திரம் கேட்பார்கள்.