இளைஞர் வேலையின்மை 13.6% என்றால் நூற்றுக்கு 14 பையன்கள் சும்மா இருக்கிறார்களா?

இல்லை, இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நீங்கள் சொல்லும் 13.6% இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (பிஎல்எஃப்எஸ்) 2025 ஏப்ரலில் 15-29 வயது ஆண்களுக்குக் கொடுத்த எண். அந்த மாதத்திலிருந்துதான் மாதாந்திர அறிக்கையே வருகிறது.

வகுக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 100 பையன்களில் 40 பேர் படிக்கிறார்கள், 52 பேர் வேலையில் இருக்கிறார்கள், 8 பேர் வேலை தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள், ஆக 60-க்கு 8, அதாவது 13.3%. அந்த எட்டில் இரண்டு பேர் அலுத்துப்போய், தேடுவதை விட்டுவிட்டு மேற்படிப்பில் சேர்ந்தால் 58-க்கு 6, விகிதம் 10.3% ஆகிவிடும். ஒருத்தருக்கும் வேலை கிடைக்கவில்லை, ஆனால் 'வேலையின்மை குறைந்தது' என்று தலைப்புச் செய்தி வரும்!

அப்புறம், 'வேலையில் இருப்பவர்' என்பதற்கான வரையறை ரொம்பத் தாராளம். கணக்கெடுப்புக்கு முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் பொட்டலம் கட்டும் பையனும் இதில் அடக்கம்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதும் எனக்குப் பிடிக்காது. அறுவடை, பண்டிகை, தேர்வு முடிந்து பட்டதாரிகள் கூட்டமாக வெளியே வரும் காலம் என்று பருவத்துக்கேற்ப எண் ஆடும், இந்த அறிக்கை அதைச் சரிசெய்து தருவதில்லை. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், கூடவே 'வேலையில் இருப்போர் விகிதம்' என்ற வரியையும் பாருங்கள். அது மொத்த மக்கள்தொகையால் வகுப்பது, அதனால் மேலே சொன்ன வித்தை அங்கே பலிக்காது.