அம்மாவின் கூலி

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன், 24,000 சம்பளம். செக்கு அப்பாவின் பழைய தறிக்கூடத்தில் ஓடுகிறது, அதனால் வாடகை இல்லை. அம்மாவும் மனைவியும் கூடவே இருப்பதால் ஆள் கூலியும் மிச்சம். எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் 300 லிட்டர் போகிறது, லிட்டருக்கு 70 ரூபாய் நிற்கிறது. ஆரம்பத்தில் நிறைய தப்பு செய்தேன், இப்போது பரவாயில்லை. ஆனாலும் கையில் காசு தங்குவதில்லை. ஆர்கானிக் கடைக்காரர்கள் இரண்டு மாதம் இழுத்துத்தான் பணம் தருகிறார்கள். முத்ரா கடன் வாங்கி இரண்டாவது செக்கு போடலாமா? லேபிளை ஆங்கிலத்தில் மாற்றினால் கோயம்புத்தூரில் எடுபடுமா? நான் கடலை எண்ணெயை 340க்கு விற்கிறேன், பக்கத்து ஊர்க்காரர் மரச்செக்கு என்று போர்டு வைத்து 220க்கு விற்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

தொழில் யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை, அதற்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் போகிறபோக்கில் ‘ஆள் கூலியும் மிச்சம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே இந்த விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் சரியாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். லேபிளை எந்த மொழியில் வேண்டுமானாலும் அடியுங்கள், பாட்டில் மூடி கசியாமல் இருந்தால் போதும். பக்கத்து ஊர்க்காரரை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகும் என்பது உங்களுக்கே தெரியும். பருப்பு மட்டுமே 300ஐத் தாண்டும்போது, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் 220க்கு அந்த எண்ணெய் வராது. அதில் என்ன கலக்கிறது என்று ஆராய்வது உங்கள் வேலை இல்லை. அதை வாங்குகிறவர் உங்கள் கடைப்பக்கம் வரப்போகிறவரும் இல்லை. அப்புறம், டின் கணக்கில் கொடுக்கிறீர்களா? கொடுத்தால், 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும், ஏனென்றால் ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். அதை 15 லிட்டர் விலைக்குக் கொடுத்துவிட்டு, காசு எங்கே போகிறது என்று தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர்கள் இழுப்பதற்குச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு, வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இலவசம், இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள். ஆனால் இரண்டு கடைக்குச் சரக்கு போடுகிற ஆள் சட்டத்தைக் காட்டி மிரட்டினால், அடுத்த மாதம் உங்கள் பாட்டில் அலமாரியில் இருக்காது. நேரில் போய் உட்காருங்கள், பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கை இறக்காதீர்கள்.

சரி, கூலிக்கு வருவோம்.

தர்மபுரிப் பக்கம் என் பெரியப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று போர்டு தொங்கும், அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் கடன் நோட்டு எழுதுவார். அது கிடக்கட்டும். மாசி பங்குனியில் கொட்டைப்புளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கடை சாத்தி, சாப்பாடு முடிந்து, பாத்திரமும் கழுவிய பிறகு பெரியம்மா சாக்கை விரித்து உட்காருவார். ஒரு கல், ஒரு சின்ன இரும்புக் கம்பி. புளியைக் கல்லில் வைத்து ஒரு தட்டு, கொட்டை தெறிக்கும், நாரை உருவி ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம். விரல் நுனிகள் புளியேறி வெந்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையாலேயே காலையில் மிளகாய் அரைக்க வேண்டும். கொட்டை நீக்கிய புளிக்கு விலை அதிகம், அந்த வித்தியாசம் கடையின் லாபம் என்று பெரியப்பா நோட்டில் ஏறும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘புளியில நமக்கு நல்ல லாபம்’ என்பார்.

பெரியம்மாவுக்கு விரல் மடங்காமல் போனது. வெளியில் ஆள் வைத்துப் புளி தட்டியபோது, அத்தனை வருடம் சொன்ன லாபத்தைக் கூலி அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டது. கடை நொடித்தது. எதிரில் வந்த சூப்பர் மார்க்கெட்டால்தான் கடை போச்சு என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சூப்பர் மார்க்கெட் வந்தது கடை படுத்த பிறகு!

உங்கள் கணக்கை நான் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 300 லிட்டர், 70 ரூபாய், ஆக 21,000. பருப்பில் கல்லும் சொத்தையும் பொறுக்க வெளியாள் கேட்டால் நாளுக்கு 300க்குக் குறைந்து வரமாட்டார். 25 நாளுக்கு 7,500, இது உங்கள் அம்மாவின் கூலி. பாட்டில் கழுவிக் காயவைத்து, எண்ணெய் பிடித்து, லேபிள் ஒட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் உங்கள் மனைவிக்கும் குறைந்தது அதே 7,500. தறிக்கூடத்தை வேறொருவருக்கு விட்டால் உங்கள் அப்பாவுக்கு ஒரு 5,000 வரும். மொத்தம் 20,000. மீதி 1,000 ரூபாய். அதுதான் உங்கள் சம்பளம். செக்கின் உலக்கை தேய்ந்தால் மாற்றுவதற்கும் அதற்குள்தான் எடுக்க வேண்டும்.

கூலி மிச்சம் என்றால் என்ன தம்பி? யாருக்கு மிச்சம்? அம்மா பேரில் எழுதவேண்டிய 7,500ஐ லாபம் என்று உங்கள் பேரில் எழுதிக்கொண்டு, அதை நம்பி 340 என்று விலையும் வைத்துவிட்டீர்கள். ஆரம்பத்தில் செய்த தப்பையெல்லாம் திருத்திவிட்டேன் என்கிறீர்கள், இதைத் தொடவே இல்லை. அம்மாவுக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்தால் உங்கள் தொழில் நிற்கும். அந்த அம்மாள் வாய் திறந்து கேட்கமாட்டார், பெரியம்மாவும் கேட்டதில்லை.

ஆடிட்டர் வேறு மாதிரி சொல்வார். தனி ஆள் நடத்தும் தொழிலில் முதலாளிச் சம்பளம் செலவில் சேராது என்பார். வருமான வரிக்கு அது சரி. நான் கேட்பது விலை வைப்பதற்கான கணக்கு, அதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினால் போதும். மாதம் ஒன்றாம் தேதி அம்மா கணக்கிலும் மனைவி கணக்கிலும் பணத்தைப் போடுங்கள், உங்களுக்கும் ஒரு தொகை, 10,000 ஆனாலும் சரி. இப்போது அவ்வளவு பணம் இல்லை என்றால் பாக்கி என்று எழுதுங்கள். வீட்டுக்கு எடுக்கும் எண்ணெயையும் காசு வைத்து எடுங்கள். கல்லாவில் கைவிட்டு பால்காரருக்கும் கேபிளுக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள், காசு தங்காத மர்மத்தில் பாதி அங்கேயே இருக்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் விலை 380 என்று வரலாம், அல்லது மாதம் 500 லிட்டர் போனால்தான் கட்டும் என்று வரலாம். விலை ஏற்றினால் சில பேர் போவார்கள், போகட்டும்.

திட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிச்சயமான 24,000ஐ விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, கலப்படம் செய்யாமல் ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது செக்கைப் பற்றியல்லவா கேட்டிருந்தீர்கள்! முத்ராவில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கொடுக்கிறார்கள், வங்கியில் அலைந்தால் கிடைத்துவிடும். அந்தச் செக்குக்குப் பருப்பு பொறுக்கப்போவது யார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.