தொட்டித் தண்ணீரும் விண்மீன் சாம்பலும்: கேள்வி பதில்

வியாசர்பாடியில் உள்ள எங்கள் படிப்பகத்தின் கேள்விப் பெட்டியில், விண்மீன்களுக்குள் நிகழும் அணுக்கரு வினைகள் பற்றியும் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றியும் கேள்விகள் வந்திருந்தன. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கொருக்குப்பேட்டை, பள்ளி மாணவி: ஐயா, சூரியன் ஒரு ஹைட்ரஜன் குண்டு என்றால், அது ஏன் ஒரே நொடியில் வெடித்து முடியவில்லை?

குண்டு என்று சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி. ஆனால் அங்கே ஒரு கன மீட்டர் இடத்திலிருந்து வெளிப்படும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. காலை நேரத்து கும்மிடிப்பூண்டி ரயிலில் அதே அளவு இடத்தில் நெருக்கி நிற்பவர்களின் உடற்சூடு அதற்குக் குறையாது. ஆற்றல் பிறக்க, ஹைட்ரஜன் அணுக்கருக்களான புரோட்டான்கள் இரண்டு இணைய வேண்டும். ஆனால் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அந்த விலக்கத்தை மீறி, தடையைத் தாண்டாமல் ஊடுருவிச் செல்லும் குவாண்டம் ஊடுருவல் என்னும் அரிய வழியில் அவை நெருங்கினாலும், அதே கணத்தில் அவற்றுள் ஒன்று நியூட்ரானாக மாறினால்தான் இணைவு நிலைக்கும். அந்த வாய்ப்புக்காக ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. மேலும், மையம் சற்று அதிகமாகச் சூடேறினால் விரிவடைந்து தானே குளிர்ந்துவிடும். இந்த வினைகளை 1939-இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். அதற்கு 1967-இல் நோபல் பரிசு பெற்றார்.

புளியந்தோப்பு, இல்லத்தரசி: மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீரை ஏற்றி வைத்து, இரவில் அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்க முடியாதா?

முடியும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனில் இதைத்தான் செய்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1000 லிட்டர் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 98,000 ஜூல், அதாவது 0.027 யூனிட். எதுவும் வீணாகாவிட்டால் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று மூன்று மணி நேரம் எரியும். உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியின் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய 0.019 யூனிட் இருக்கிறது. ஒரு டன் தண்ணீரும் உள்ளங்கையளவு பேட்டரியும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்பதற்குக் காரணம், புவியீர்ப்பு மிக வலுக்குறைந்த விசை என்பதே. மேடே இல்லாத வடசென்னையில் இந்த வழிக்கு இடமில்லை.

அத்திப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்: நிலக்கரியில் இருப்பதும் சூரிய ஆற்றல்தான் என்கிறார்களே?

ஆம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகொடிகள் சேமித்த வெயில் அது. எனினும் ஒரு கார்பன் அணு எரியும்போது கிடைப்பது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆகும்போது கிடைப்பது சுமார் 2.67 கோடி எலக்ட்ரான் வோல்ட். முதலாவதில் அணுவின் வெளிவிளிம்பில் உள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே இடம் மாறுகின்றன, இரண்டாவதில் கருவே மாறுகிறது.

தண்டையார்பேட்டை, மின்சார ஆட்டோ ஓட்டுநர்: என் வண்டி பேட்டரியில் உள்ள லித்தியமும் விண்மீனில் உருவானதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனெனில் பதில் எதிர்பார்ப்புக்கு மாறானது. பொதுவாக விண்மீன்கள் லித்தியத்தை அழிக்கின்றன. சுமார் 25 லட்சம் டிகிரியிலேயே அது புரோட்டானுடன் மோதி ஹீலியமாக உடைந்துவிடுகிறது. இன்றிருக்கும் லித்தியத்தில் ஒரு பகுதி, பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் உண்டானது. இன்னொரு பகுதி, விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் கருக்களைச் சிதைத்தபோது பிறந்தது. நோவா எனப்படும் விண்மீன் மேற்பரப்பு வெடிப்புகளும் பங்களிக்கின்றன. மிகப் பழைய விண்மீன்களில் காணப்படும் லித்தியம், பெருவெடிப்புக் கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருப்பது இன்றுவரை தீராத சிக்கல்.

உங்கள் வண்டியில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால், கதை இன்னும் சுவையானது. அதில் ஒரு யூனிட் சேமிக்க ஏறத்தாழ 100 கிராம் லித்தியம் போதும். உடனிருக்கும் இரும்போ, விண்மீன் வெடிப்பில் உருவான நிக்கல்-56 முதலில் கோபால்ட்டாகவும் பிறகு இரும்பாகவும் சிதைந்து வந்தது. இணைத்தாலும் பிளந்தாலும் இரும்பின் கருவிலிருந்து மேற்கொண்டு ஆற்றல் கிடைக்காது. அது விண்மீன் அடுப்பின் சாம்பல். (சாம்பல் என்றால் என்னவென்று, அனல்மின் நிலையம் உள்ள அத்திப்பட்டின் நண்பருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) அந்தச் சாம்பலின் எலக்ட்ரான்களைத்தான் நீங்கள் இரவில் சார்ஜ் ஏற்றும்போது இடம்பெயரச் செய்கிறீர்கள்.

சவுகார்பேட்டை, நகைப் பட்டறைக்காரர்: தங்கம்?

2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதிய நிகழ்வு, வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் பதிவானது. தங்கம் போன்ற கனத்த தனிமங்கள் அத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அது வலுவான சான்று.

ராயபுரம், இளங்கலை மாணவர்: விண்மீனுக்குள் நடப்பதை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

பொறுமையாக எண்ணித்தான், தம்பி. நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகருடன் 1983-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர், இவ்வகை வினைகளை முடுக்கிகளால் (துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் கருவிகள்) அளந்தவர். கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலும் இதற்கென ஒரு முடுக்கி உண்டு. விண்மீனுக்குரிய தாழ்ந்த ஆற்றலில் வினைகள் அத்தனை அரிதாக நிகழ்வதால், வானிலிருந்து விழும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அவை மூழ்கிவிடும். அதனால் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1400 மீட்டர் பாறையின் மறைவில் ஒரு முடுக்கியை நிறுவினார்கள். அங்கே ஹீலியத்தின் இலேசான வகையான ஹீலியம்-3 கருக்களின் இணைவை மிகத் தாழ்ந்த ஆற்றலில் அளந்தபோது, மாதத்துக்கு ஓரிரு நிகழ்வுகளே பதிவாயின.