வாசகர் கேள்விகள்: வலிப்புக்கும் பார்க்கின்சனுக்கும் ஒரே டாக்டரா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்குப் பார்க்கின்சன். அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் வலிப்பு நோயிலும் ஆராய்ச்சி செய்கிறாராம். வலிப்பில் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது, அப்பாவுக்கோ கை கால் நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் ஒருவரே எப்படி ஆராய முடியும்? பார்க்கின்சனை மட்டுமே பார்ப்பவரிடம் மாறிவிடலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக மாற வேண்டாம். நானும் இந்த இரண்டு பக்கமும் வேலை செய்பவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் எதிரெதிர் நோய்கள். ஆனால் மூளைக்குள் மின் நடவடிக்கையைப் பதிவு செய்து பார்த்தால், இரண்டிலும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டிய செல்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்குவது தெரிகிறது. அரங்கில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேரும், எல்லோரும் சேர்ந்து கைதட்ட ஆரம்பித்துவிட்டால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, அந்த மாதிரி.

வலிப்பில் இது திடீரென்று வந்து, பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி என்ற ஒன்றே இல்லாத 1870-களில், நோயாளியின் கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு கை, முகம் என்று ஏறிப்போவதை வெறும் கண்ணால் கவனித்தே, மூளையின் ஓர் இடத்தில் கிளம்பும் மின் கொந்தளிப்புதான் வலிப்பு என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். சில நொடிகள் பேச்சு மூச்சில்லாமல் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும் குழந்தைகளின் மூளையில், அந்த நொடிகளில் வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் பெரிய அலைகள் ஓடுவதை 1935-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். ஜாக்சன் ஊகித்ததைக் காகிதத்தில் பார்க்க முடிந்தது.

பார்க்கின்சனில் கதை மெதுவாக நடக்கிறது. மூளைச் செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் எரிங்கரும் காட்டினார்கள், மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்துக்கு வழி திறந்தது அதுதான். டோபமைன் குறையும்போது, அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்மூளைப் பகுதிகளில் வினாடிக்கு 13 முதல் 30 வரையிலான ஒரு தாளம் அளவுக்கு மீறி வலுக்கிறது. வலிப்பு போல வந்து போவதில்லை, பெரும்பாலான நேரம் இருந்துகொண்டே இருக்கிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அந்தத் தாளம் தணிவதையும் கை லேசாவதையும் ஒன்றாகவே பார்க்கலாம்.

பார்க்கின்சனுக்கு, மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து மின்துடிப்பு கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சையில் பல நேரம் நோயாளி விழித்திருப்பார். மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே, சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு செல் தொகுதியை நோக்கி மெல்லிய மின்முனையை அங்குலம் அங்குலமாக அல்ல, மில்லிமீட்டரிலும் சின்ன அளவில் இறக்குவார்கள். சரியான இடத்தைத் தொட்டதும் செல்களின் மின் நடவடிக்கையை ஒலியாக்கித் தரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சரசரப்பு அடர்த்தியாகும். நான் நோயாளியின் மணிக்கட்டை மடக்கி நீட்டுவேன், கூடவே அந்தச் சத்தமும் ஏறி இறங்கும். அப்புறம் வினாடிக்கு 130 என்ற அளவில் மின்துடிப்பு கொடுத்தால், அதுவரை விட்டு விட்டுத் தடுத்துக்கொண்டிருந்த மணிக்கட்டு என் விரல்களுக்குள்ளேயே இளகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது பழகவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். பார்க்கின்சனில் நன்றாக வேலை செய்த இந்த முறையைத்தான் வலிப்பு மருத்துவர்கள் எடுத்துக்கொண்டு தலாமஸில் வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், அமெரிக்காவில் 2018-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. மூளையைக் கேட்டுக்கொண்டே இருந்து, வலிப்பு கிளம்பும் அறிகுறி தெரிந்தால் மட்டும் மின்துடிப்பு கொடுக்கும் கருவிக்கு அங்கே 2013-ல் அனுமதி வந்தது. நோயாளியின் மூளை அலையைப் பார்த்துத் மின்துடிப்பைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் பார்க்கின்சன் கருவிக்கு 2025-ல் வந்தது. ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பதால் கிடைக்கும் பலன் இது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், தாளத்தைச் சரிசெய்வதால் செல்கள் அழிவது நிற்காது. இன்றைக்கு இருக்கும் எந்தக் கருவியும் மாத்திரையும் பார்க்கின்சனின் போக்கை நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை, நிறுத்தும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் மாமியாருக்குப் பார்க்கின்சன். புதிதாக எழுதிக்கொடுத்த சோனிசமைடு மாத்திரையின் சீட்டில் வலிப்புக்கு என்று போட்டிருக்கிறது. தப்பாகக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. அது ஜப்பானில் வலிப்புக்காக உருவான மருந்து. அங்கே பார்க்கின்சன் இருந்த ஒரு நோயாளிக்கு வலிப்பும் வர, அதற்காக இதைக் கொடுத்தார்கள். வலிப்பு நின்றது, கூடவே பார்க்கின்சன் தொந்தரவும் குறைந்தது. சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவர் மிஹோ முராதா அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் மற்ற நோயாளிகளிடமும் சோதித்து 2001-ல் வெளியிட்டார். முறையான ஆய்வுகளுக்குப் பிறகு 2009-ல் ஜப்பானில் பார்க்கின்சனுக்கும் அனுமதி வந்தது, அதுவும் வலிப்புக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில். எல்லா நாட்டிலும் அந்த அனுமதி இல்லை, அதனால்தான் உங்கள் சீட்டில் வலிப்பு மட்டும் இருக்கிறது. என்ன காரணத்துக்காகக் கொடுத்தார் என்று மருத்துவரிடமே கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சல்ஃபா மருந்து அலர்ஜியோ சிறுநீரகக் கல்லோ அவருக்கு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பல வருடமாக வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். இப்போது கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. பார்க்கின்சனும் வந்துவிட்டதா?

பதில்: மாத்திரையே காரணமாக இருக்கலாம். வால்ப்ரோயேட் கைநடுக்கம் தருவது சகஜம், சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அச்சு அசல் பார்க்கின்சன் போலவே நடை, பேச்சு எல்லாம் மந்தமாகும். பெரும்பாலும் மருந்தை மாற்றினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அடங்காத தொடர் வலிப்பு வரும் அபாயம் உண்டு. சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவைப் பார்க்கின்சன் மருந்து ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரைதான் தருவார்களாம். நோயாளியை ஏமாற்றுவது போல இல்லையா?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இந்த நோயில் வெற்று மாத்திரை இல்லாத ஆய்வை நம்புவது மிகக் கஷ்டம். நல்ல மருந்து வருகிறது என்ற எதிர்பார்ப்பே பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது என்று 2001-ல் கனடாவில் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள். அமெரிக்காவில் கருச் செல்களை மூளைக்குள் வைத்த ஓர் ஆய்வில், சிலருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டுவிட்டுச் செல் எதையும் வைக்கவில்லை. தனக்குச் செல் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கை மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நோயில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாவிட்டால், பயனில்லாத மருந்தும் பிரமாதமாகத்தான் தெரியும்.

அம்மாவிடம் வெற்று மாத்திரை கிடைக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதனால் இது ஏமாற்று இல்லை. கையெழுத்துக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இப்போது சாப்பிடும் லெவோடோபாவை நிறுத்தச் சொல்வார்களா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா. ஆய்வில் சேரவே பணம் கட்டச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையும் அம்மாவுக்கு உண்டு.

கேள்வி: தங்கைக்கு மூன்று வலிப்பு மருந்துகள் மாற்றியாகிவிட்டது, மாதம் நான்கைந்து முறை வருகிறது. நான்காவது மருந்து பலன் தருமா?

பதில்: தரலாம், ஆனால் அதை மட்டுமே நம்பிக் காத்திருக்காதீர்கள். பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அடுத்த மருந்தில் முழுதாக நிற்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரை அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைக்கே அனுப்பாமல் பத்து, இருபது வருடம் மருந்து மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கன்னப்பொறி மடலில், அதாவது காதை ஒட்டிய பக்கவாட்டு மூளைப் பகுதியில், கிளம்பும் வலிப்புக்குக் கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை பொருந்தாது. வலிப்பு கிளம்பும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அந்த இடத்தை எடுத்தால் பேச்சோ ஞாபகமோ போகாது என்று உறுதி வேண்டும். இதற்காகத்தான் நாள்கணக்கில் வீடியோவுடன் ஈஈஜி, எம்ஆர்ஐ, ஞாபகத்திறன் சோதனை எல்லாம். வலிப்புக்கென்று தனிப்பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயர், அளவு, எப்போது நிறுத்தினார்கள் என்ற விவரம், அத்துடன் தங்கைக்கு வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ இரண்டு கொண்டுபோங்கள். எடுக்கும்போது முகமும் இரண்டு கைகளும் தெரியட்டும், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் விறைக்கிறது என்பதை வைத்தே மூளையின் எந்தப் பக்கம் என்று பல நேரம் சொல்லிவிட முடியும்.