கார் வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள், தம்பி

தம்பி, திருமங்கலத்திலிருந்து மனைவி, குழந்தையோடு கனடாவில் டொரன்டோ நகரத்து ஸ்கார்பரோவுக்குக் கிளம்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். பெட்ரோல், எரிவாயு எரித்து வரும் புகைக்காக அங்கே போட்டிருந்த கார்பன் வரியை எடுத்துவிட்டார்களாமே, பெட்ரோல் மலிவாகிவிட்டதாமே, அங்கிருக்கும் சித்தப்பா மகன் சொல்வதுபோல் இறங்கிய வாரமே ஒரு பெரிய வண்டியாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், குளிர் உடை, கோயில். இந்த மூன்றையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளிருக்கான கோட்டு மட்டும் மதுரையில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். நான் பதில் சொல்ல நினைப்பது வண்டிக் கேள்விக்குத்தான். திருநகரில் தங்கை வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருக்கிறேன், கொஞ்சம் நேரமும் இருக்கிறது.

வரியை எடுத்தது உண்மை. மார்க் கார்னி 2025 மார்ச்சில் பிரதமராகப் பதவியேற்ற அன்றே அதற்குக் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 1 முதல் பெட்ரோல் லிட்டருக்கு 17.61 சென்ட் குறைந்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது. ஆனால் சித்தப்பா மகன் மிச்சத்தைச் சொல்லியிருக்க மாட்டார். அந்த வரியோடு சேர்ந்து, வசூலானதை அரசு மக்களுக்கே திருப்பித் தந்ததில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்த பணமும் நின்றுவிட்டது. ஒன்டாரியோவில் நால்வர் உள்ள குடும்பத்துக்குக் கடைசி வருடம் 1,120 டாலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1,500 லிட்டர் பெட்ரோல் போட்டால் கார்பன் வரி 264 டாலர். வீட்டைச் சூடாக்க 2,200 கன மீட்டர் எரிவாயு ஆனால், கன மீட்டருக்கு 15.25 சென்ட் என்று 335 டாலர். இரண்டும் சேர்த்து 600 டாலர்தான். லாரி வாடகையால் காய்கறி விலை ஏறியதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டி வைத்திருந்த, அளவாகச் சூடாக்கிக்கொண்ட குடும்பத்துக்குக் கையில் மிச்சம்தான் நின்றது. வசூலானதில் சுமார் 90 சதவீதம் வீடுகளுக்கே திரும்பியது. பெரிய வண்டி, பெரிய வீடு வைத்திருந்தவர்களுக்குத்தான் நஷ்டம். அந்த வரியின் நோக்கமே அதுதான்.

எனக்கு ஆறாத வருத்தம் இங்கேதான். நம் ஆட்கள் எத்தனை பேர் பெட்ரோல் பங்க்கில் நின்று அந்த வரியைத் திட்டினார்கள் தெரியுமா? தாங்களும் இன்னொருவரும் மட்டும் போகும் வண்டிக்கு ஏழு இருக்கை, அதற்கு ஏழு வருடக் கடன். கணக்கில் பணம் விழுந்ததா என்று கேட்டால், "ஏதோ அரசாங்கப் பணம் வந்தது" என்பார்கள். முழுத் தப்பும் அவர்களுடையது இல்லை. முதல் சில வருடங்கள் அந்தப் பணம் வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது, தனியாகக் கண்ணில் படவில்லை. 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேராகக் கணக்குக்கு வந்தது. அப்போதும் வங்கிச் சீட்டில் என்ன பணம் என்று பலருக்கும் விளங்கவில்லை. எரிவாயு பில்லில் மட்டும் அந்த வரித் தொகை தனியாக, மாதா மாதம் பளிச்சென்று இருந்தது. கொடுப்பது கண்ணில் பட்டது, வருவது படவில்லை. நல்ல ஏற்பாடு ஒன்று அப்படித்தான் செத்தது.

இதில் நான் இவ்வளவு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அப்பா. மதுரையில் போக்குவரத்துக் கழக ஓட்டுநர். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அவருக்கு மானப் பிரச்சினை. இறக்கத்தில் எப்போது காலை எடுக்க வேண்டும், சிக்னலுக்கு எவ்வளவு தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சாப்பிடும்போதுகூடப் பேசுவார். எரிபொருளைக் கவனமில்லாமல் எரிப்பதை அவர் பிள்ளைகளான எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் போய் இறங்கியது 2008 கோடையில். அந்த ஜூலையில்தான் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. மனைவி, கைக்குழந்தையோடு, டொரன்டோவுக்குக் கிழக்கே ஒரு பேஸ்மென்ட்டில் தங்கினோம். ஏற்பாடு செய்து கொடுத்தவர் தெரிந்தவர்தான். "வாடகை குறைச்சல், வண்டி வாங்கிட்டா எல்லாம் பக்கம்" என்றார். மணிக்கு ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமை அதுவும் சந்தேகம். பால் வாங்க நெடுஞ்சாலை ஓரமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். குளிர்காலம் வந்ததும் ஜன்னல் இடுக்கில் காற்று வந்தது. ஹீட்டிங் செலவு எங்கள் தலையில், இடுக்கை அடைக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில். அவர் ஏன் அடைப்பார்? எரிபொருள் விலை ஏறினால் மக்கள் சிக்கனம் செய்வார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் பில் கட்டுபவர் ஒருவர், சுவரைச் சரிசெய்ய வேண்டியவர் வேறொருவர் என்றால் விலை என்ன செய்தாலும் அந்த ஜன்னல் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் வாடகைக்கு இருப்பவரை இது வேறு விதமாகக் கடிக்கிறது.

ஆறேழு மாதத்தில் அங்கிருந்து கிளம்பி கென்னடி சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கம் வந்துவிட்டோம். வாடகை கூடுதல், ஆனால் கார் இல்லாமலே சில வருடம் ஓட்டினோம். சொந்தக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்த வருடங்களில் சேர்த்த பணத்தில்தான் பிறகு வீடு வாங்கினோம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த 2008-ல் இன்னொன்றும் பார்த்தேன். விலை உச்சத்தில் இருந்தபோது பெரிய வண்டிகளை வாங்க ஆளில்லை, பஸ்ஸில் இடமில்லை. வருடக் கடைசியில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே விழுந்தது, பழைய பழக்கங்கள் திரும்பி வந்தன. அதே ஜூலையில்தான் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வெளியாகும் கரியமில வாயு ஒரு டன்னுக்கு 10 டாலர் என்று கார்பன் வரியை ஆரம்பித்தது. வருடம் 5 டாலர் கூடும், வசூலை வேறு வரிகளைக் குறைத்துத் திருப்பித் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எண்ணெய்ச் சந்தை ஏற்றும் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: சந்தை ஏற்றினால் அடுத்த மாதம் இறங்கும் என்று காத்திருக்கலாம். வருடா வருடம் கூடும் என்று தெரிந்தால், அடுத்த வண்டி சின்னதாக இருக்கட்டும், வீடு ரயிலுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று யோசிப்போம். ஒருவர் எவ்வளவு எரிக்கப் போகிறார் என்பது தினசரி ஓட்டத்தில் முடிவாவதில்லை. எங்கே குடியேறினார், என்ன வண்டி வாங்கினார் என்ற இரண்டிலேயே முடிவாகிவிடுகிறது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

இங்கே ஊரில் வரி இருக்கிறது, திரும்பி வரும் பணம்தான் இல்லை. பெட்ரோல் லிட்டருக்கு மத்திய அரசு கலால் வரி, மேலே மாநில அரசின் வரி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு நிதியமைச்சராகவும் நம் மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன் 3 ரூபாய் குறைத்தார், அது நினைவிருக்கும். நிலக்கரிக்கு 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று செஸ் என்ற கூடுதல் வரி போட்டு 2016-ல் 400 வரை கொண்டுபோனார்கள். 2017-ல் அந்தப் பணம் ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வந்த இழப்பை ஈடுகட்டத் திரும்பிவிட்டது. எந்த வீட்டுக் கணக்கிலும் ஒரு ரூபாய் விழவில்லை. விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்கு மல்லிகை மூட்டையோடு டூவீலரில் வரும் விவசாயிக்குப் பெட்ரோல் ஏறினால் வேறு வழி கிடையாது, அந்த நேரத்துக்கு அவர் ஊரிலிருந்து பஸ் இல்லை. அவரிடம் விலையை ஏற்றினால் புகை குறையாது, சாப்பாடு குறையும். அதே நேரம் என் தங்கை 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் பெரியார் நிலையம் போய் வருகிறாள், ஸ்கூட்டி பெரும்பாலும் நிழலில் நிற்கிறது. வரி போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறுவதற்கு ஒரு பஸ்ஸும், கையில் திரும்ப வரும் பணமும் இருந்தால்தான் அது நியாயமான வரி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இறங்கியதும் வண்டி வாங்காதீர்கள். ஒன்டாரியோவில், அதுவும் புதிதாக வந்த ஓட்டுநருக்கு, காப்பீடு பெட்ரோலைவிடப் பெரிய செலவு. முதலில் வீடு. சுரங்க ரயிலுக்கோ அடிக்கடி ஓடும் பஸ் தடத்துக்கோ நடக்கும் தூரத்தில் பாருங்கள். டொரன்டோவில் பெரியவர்களுக்கு 3.30 டாலரில் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போகலாம், 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். ஹீட்டிங் வாடகையில் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். சேர்த்தி என்றால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சேர்த்தி இல்லை என்றால் போன குளிர்கால பில்லைக் காட்டச் சொல்லுங்கள், ஜன்னல் ஓரம் கையை வைத்துப் பாருங்கள்.

வருமானம் இல்லாவிட்டாலும் இருவரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். கார்பன் பணம் நின்றாலும் குழந்தைக்கான உதவித்தொகை அதை வைத்துத்தான் வரும். முதல் வருடம் சோம்பலில் அதை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் குளிரையும் பஸ்ஸையும் பார்த்த பிறகும் வண்டி தேவைப்பட்டால் சின்னதாக வாங்குங்கள், முடிந்தால் மின்சார வண்டி. ஒன்டாரியோ 2014-லேயே நிலக்கரி மின் நிலையங்களை மூடிவிட்டது, அங்கே மின்சாரம் பெரும்பாலும் அணு உலையிலும் அருவியிலும் வருகிறது. வாடகை வீட்டு முகவரிகள் இரண்டு மூன்று கைக்கு வந்ததும் அனுப்புங்கள். எந்தப் பஸ், எவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்று பார்த்துச் சொல்கிறேன்.