ஒன்பது நிமிடக் கிலோமீற்றர்

வணக்கம் அண்ணா,

இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். எனக்கு 41 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருஷமாக விடிய எழும்பி மரைன் டிரைவில் ஓடுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் சின்னத் தூர ட்ரையத்லன் ஒன்று முடித்திருக்கிறேன், ஆனால் அதில் நீச்சல் தடாகத்தில்தான். இப்போது ஏதோ ஒரு வேகத்தில் வருகிற பெப்ரவரியில் நடக்கும் அரைத் தூரப் போட்டிக்குப் பதிந்துவிட்டேன். 1.9 கிலோமீற்றர் கடல் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். காசு கட்டின அன்றிரவு நித்திரையே வரவில்லை. கால் நிலத்தில் படாத இடத்துக்குப் போனாலே எனக்கு மூச்சு முட்டும். இவர் "பாக்கு நீரிணையை நீந்தின ஆழிக்குமரன் ஆனந்தன் என்ற நினைப்போ" என்று பகிடி பண்ணுகிறார். மாமி ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. மகள் அடுத்த வருஷம் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலஷிப் பரீட்சை எழுதுகிறாள்.

நீங்களும் இப்படி ஒரு போட்டியை முடித்ததாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்விதான். என்னைப் போன்ற ஆளால் முடியுமா? கடல் பயத்தை என்ன செய்வது? வீடு, பிள்ளை என்று இருக்கும்போது இது சுயநலமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், அதனால் முதல் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

இந்தத் தூரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் நேரம் 8 மணித்தியாலம் 30 நிமிடம். நீச்சலை 1 மணித்தியாலம் 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து 5 மணித்தியாலம் 30 நிமிடத்துக்குள் சைக்கிளும் முடிந்திருக்க வேண்டும். பாதையைப் பொறுத்துச் சில இடங்களில் மாறும், உங்கள் போட்டியின் கையேட்டைப் பாருங்கள். சரி, இப்போது நிரப்புவோம். நீச்சலுக்கு ஒரு மணித்தியாலம் போகட்டும். கரையேறி உடுப்பையும் தலைக்கவசத்தையும் சரிபண்ண 10 நிமிடம். மணிக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் 90 கிலோமீற்றர் சைக்கிள் என்றால் 4 மணித்தியாலம் 5 நிமிடம். மொத்தம் 5 மணித்தியாலம் 15 நிமிடம். சப்பாத்து மாற்ற இன்னும் 5 நிமிடம். ஓட்டத்துக்கு மிச்சமிருப்பது 3 மணித்தியாலம் 10 நிமிடம். ஒரு கிலோமீற்றருக்கு 9 நிமிடம் எடுத்தாலும் முடிந்துவிடும்.

ஒன்பது நிமிடம் என்பது நீங்கள் மரைன் டிரைவில் ஓடுகிற வேகமே இல்லை. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, தண்ணீர் மேசையில் நின்று குடித்துவிட்டுப் போகிற வேகம். இதில் எந்த இலக்கத்திலும் வீரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் நண்பர்கள் எல்லோரும் மன உறுதி, போராட்டம், எல்லையைத் தாண்டு என்று எழுதி அனுப்புவார்கள். வாசித்துச் சிரித்துவிட்டு வையுங்கள். முதல் நெடுந்தூரப் போட்டியில் ஆட்களை விழுத்துவது தைரியக் குறைவு அல்ல. முதல் 30 கிலோமீற்றரில் அளவுக்கு மிஞ்சி மிதிப்பதும், நேரத்துக்குச் சாப்பிடாததும்தான்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1978 பெப்ரவரி 18ஆம் திகதி ஹவாயின் ஓவாஹு தீவில் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர ட்ரையத்லன் முதல் தடவை நடந்தது. நீந்துகிறவனா, ஓடுகிறவனா, சைக்கிள்காரனா அதிக வலுவுள்ளவன் என்று ஒரு வாக்குவாதம். ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் தனித்தனியாக இருந்த மூன்று போட்டிகளையும் ஒன்றாகக் கட்டிவிடுவோம் என்றார். 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், ஒரு முழு மரதன் என்று முழுத் தூரம் பிறந்த கதை அது. 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். மரதனுக்கு முதலில் இறங்கியவர் ஜோன் டன்பார். வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் முடிந்துவிட்டது. என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பியர். கோர்டன் ஹாலர் அவரைத் தாண்டிப்போய் 11 மணித்தியாலம் 46 நிமிடம் 58 செக்கனில் வென்றார். நான்கு வருஷம் கழித்து, 1982இல், ஜூலி மொஸ் என்ற மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் விழுந்தார். இன்னொருவர் தாண்டிப் போக, தவழ்ந்து வந்து இரண்டாவதாக முடித்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் உலகத்துக்கே இந்த விளையாட்டு தெரியவந்தது. அதை மன உறுதியின் உச்சம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். நான் அதைத் தண்ணீரும் சக்கரையும் தீர்ந்துபோன ஒரு உடம்பு என்றுதான் பார்க்கிறேன்.

ஆகவே சாப்பாடு. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். அதில் பெரும்பகுதி சைக்கிளில் இருக்கும்போதே போக வேண்டும், ஓடும்போது வயிறு குலுங்கும், ஏற்காது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். வெளிநாட்டு ஜெல் பைக்கற்றுகள் இப்போது விற்கிற விலைக்கு வாங்கிக் கட்டாது. நான் பாற்சோற்றை இறுக்கமாகச் சமைத்து, தேங்காய்ப்பாலைக் குறைத்து, உப்பைக் கூட்டி, சின்னச் சதுரமாக வெட்டிச் சுற்றி எடுத்துப் போவேன். (கட்டைச் சம்பலை நினைக்கவே வேண்டாம்.) பேரீச்சம்பழமும் நல்லது. பசித்தால் சாப்பிடுவோம் என்று இருந்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி வையுங்கள், அடித்தால் வாயில் போடுங்கள்.

குடிப்பது வேறு கதை. கொழும்பு வெயிலிலும் புழுக்கத்திலும் உப்பாகவே வேர்க்கும். அதற்குப் பயந்து வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வயிறு ஊதும், குமட்டும், தலை இடிக்கும், மோசமானால் புத்தி தடுமாறும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. வெளிப் பார்வைக்குத் தண்ணீர் போதாமல் களைத்தவர் மாதிரியே தெரிவதால் பக்கத்தில் நிற்பவர் இன்னும் தண்ணீர் கொடுப்பார். வயிற்றோட்டத்துக்கு நாங்கள் வாங்கும் ஜீவனி இங்கே உதவும். ஆனால் ஒரு லீற்றர் கரைசலில் குளுக்கோசு 13.5 கிராம்தான், உப்புக்குத்தான் அது, சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது.

இனிக் கடல். உங்களவரின் பகிடியை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இலேயே பாக்கு நீரிணையை நீந்தியவர். 1971இல் ஆனந்தன் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப்போய், திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். அவ்வளவு நேரம் யாராலும் கடலோடு சண்டை பிடிக்க முடியாது, அடங்கி நீந்தத்தான் முடியும். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். உங்கள் பயத்தை நான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான். ட்ரையத்லனில் நேர்ந்த மரணங்களில் கூடுதலானவை நீச்சலில்தான் நேர்ந்திருக்கின்றன. 40 தாண்டியவர் நீங்கள், பயிற்சியைக் கூட்டுமுன் வைத்தியரிடம் போய் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூச்சு முட்டுவதற்கு அநேகமாக ஒரு காரணம்தான்: பயத்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்போம், வெளியே விடமாட்டோம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது குமிழி குமிழியாக முழுதும் விட்டுப் பழகுங்கள். அதைத் தடாகத்திலேயே பழகலாம். மல்லாந்து மிதக்கவும் பழகுங்கள். உப்புத் தண்ணீர் தடாகத்தை விட நன்றாகத் தூக்கும், அது முதல் தடவையே ஒரு ஆறுதல். ஆனால் எவ்வளவு தடாகத்தில் நீந்தினாலும் கடல் பயம் கடலில்தான் தெளியும். தடாகத்தில் போல அடியில் கறுப்புக் கோடு இருக்காது, கலங்கலாக இருக்கும், அலை வாயில் அடிக்கும். ஏழெட்டு வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது ஓகஸ்டில். தென்மேல் பருவக்காற்றில் எங்கள் பக்கக் கடல் இப்போது இறங்கக்கூடியதாக இல்லை. ஒக்டோபருக்கு முன் ஒரு வார இறுதியில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போய்வாருங்கள். நிலாவெளிக் கடல் இந்த மாதங்களில் அமைதி. டிசம்பர், ஜனவரியில் கல்கிசை. தனியாக ஒருநாளும் வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கிற இடத்தில், கூட்டத்தோடு, இடுப்பில் கட்டுகிற நிறமான மிதவையோடு. சிவப்புக் கொடி பறந்தால் திரும்பி வந்து பிளேன் டீ குடியுங்கள். வீட்டுக்குக் கிட்ட என்று வெள்ளவத்தையில் இறங்க வேண்டாம், மழைக்குப் பிறகு கால்வாய் கொண்டுவந்து சேர்க்கும் சங்கதிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போட்டியன்று கூட்டத்தின் நடுவில் நிற்காதீர்கள், ஓரத்தில், பின்னால் நில்லுங்கள். இன்னொன்று, இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்: களைத்தால் மிதவையையோ காவல் ஓடத்தையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். யாரும் உங்களை நீக்கமாட்டார்கள். நெஞ்சு இறுகினால் கையைத் தூக்குங்கள், ஓடம் வரும். தண்ணீர் 24.5 பாகைக்கு மேல் என்றால் ரப்பர் நீச்சலுடையோடு நீந்தும் சாதாரணப் போட்டியாளருக்குப் பரிசுக்குரிய இடம் கிடையாது. எங்கள் கடல் எப்போதும் அதற்கு மேலேதான், அந்தச் செலவு மிச்சம். ஒட்டின உடுப்பில் ஊர் பார்க்குமே என்று யோசித்தால் கரையேறியதும் மேலே ஒரு தளர்ந்த பெனியனைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறுங்கள். அக்குளிலும் தொடையிலும் வஸ்லின் பூச மறக்க வேண்டாம், உப்பும் உடுப்பும் சேர்ந்து தோலை அராவிவிடும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் ஏறின சைக்கிள் விலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பழையது ஒன்று நல்ல நிலையில் இருந்தால் போதும். பஞ்சர் போனால் உதவிக்கு ஆள் கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது, பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்ற வீட்டிலேயே பழகுங்கள். முன்னால் போகிறவருக்கு 12 மீற்றர் பின்னால் நில்லுங்கள், ஒட்டிப்போனால் தண்டனை நேரம். பயிற்சிக்கு ஞாயிறு விடிய நீர்கொழும்பு வீதி பரவாயில்லை. போர்க் காலத்தில் அந்த நேரத்தில் ஒரு தமிழர் சைக்கிளில் அவ்வளவு தூரம் போவதென்றால் எத்தனை சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டியிருக்க வேண்டும் என்று அந்த வீதியில் போகும்போதெல்லாம் நினைப்பேன். இப்போது பயப்பட வேண்டியது தனியார் பஸ்களுக்கு மட்டும்.

சுயநலமா என்ற கேள்வி. கொஞ்சம் சுயநலம்தான், ஏன் மறைக்க வேண்டும். கடைசி இரண்டு மாதம் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் வரை போகும். அந்த நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை, வீட்டில் யாரோ தருகிறார்கள். நீங்கள் நீர்கொழும்பிலிருந்து திரும்பும்வரை பிட்டு அவிக்கிறவர் மாமியாக இருக்கலாம். அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் ஒருவரும் அவரிடம் கேட்காததாகவும் இருக்கலாம். போய் இருந்து கேளுங்கள். பெப்ரவரி வரைதான் என்று திகதியைச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு அவருக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலாக இருக்கலாம், சமையலறையில் ஒருநாள் ஓய்வாக இருக்கலாம். ஆண்கள் கிரிக்கெட் பார்க்க எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரும் இப்படி அனுமதி கேட்டு நான் கண்டதில்லை, அது வேறு விஷயம். நீண்ட பயிற்சிகளைப் போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் போட்டால் வேலை நாட்கள் தப்பும். ஸ்கொலஷிப் உங்கள் போட்டிக்குப் பிறகுதான் வரும். அந்தப் பரீட்சை பிள்ளைகளை விடத் தாய்மாரைத்தான் கூடச் சோதிக்கிறது என்பது என் பழைய முறைப்பாடு. மகளைத் தண்ணீர்ப் போத்தல் நிரப்பவும் நேரம் குறிக்கவும் விடுங்கள், ரியூஷனுக்கு இடையில் அவளுக்கும் ஒரு மாறுதல்.

2018இல் கொழும்பில் அயர்ன்மேன் 70.3 என்ற இதே அரைத் தூரப் போட்டி முதல் தடவை நடந்தபோது நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வெயில் ஏறினபின் ஓடிக்கொண்டிருந்தவர்களை விட நடந்துகொண்டிருந்தவர்களைத்தான் கவனித்தேன். கையில் எதையாவது மென்றுகொண்டு, ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் போனார்கள். இப்படி என்றால் நானும் வரலாமே என்று அன்றுதான் தோன்றியது.

பாற்சோற்றை இந்த ஞாயிறே செய்து பாருங்கள். போட்டியன்று புதிதாக எதையும் வாயில் வைக்கக்கூடாது, அதனால் வயிறு ஏற்குமா என்று இப்போதே தெரிய வேண்டும். ஏற்காவிட்டால் எழுதுங்கள், அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் என்று இன்னொரு வழி இருக்கிறது.