நான்கு நாள் ஜப்பானிய இன்டர்பிரட்டர் வேலை: என்-3 முடித்தவர் எப்படித் தயாராவது?

கேள்வி: மதுரையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் நடுநிலையான என்-3 தேறிவிட்டேன், அதற்கு அடுத்த மேல்நிலையான என்-2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பலூரில் வாகனங்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஓர் ஆலைக்கு அடுத்த மாதம் ஜப்பானிலிருந்து மூன்று பொறியாளர்கள் நான்கு நாள் தரத் தணிக்கைக்கு வருகிறார்கள். இன்டர்பிரட்டராக வர முடியுமா என்று கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? எதைப் படித்துக்கொண்டு போவது? சம்பளம் எப்படிக் கேட்பது? (திருமங்கலம் வாசகி)

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வேலைக்கு வருகிறீர்கள், எதற்கு வரவில்லை என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். லைனில் நின்று பார்ப்பது, அளப்பது, குறையைச் சுட்டுவது, அதற்கு ஆலைக்காரர்கள் பதில் சொல்வது எல்லாம் நல்ல தயாரிப்போடு போனால் உங்கள் நிலையில் செய்யக்கூடியவைதான். பேசப்படும் பொருள் கண்ணெதிரே இருக்கும், புரியாவிட்டால் விரலால் காட்டிக் கேட்கலாம். விலைப் பேச்சு, ஒப்பந்த வாசகம், இழப்பீட்டுப் பேச்சு மூன்றும் வேண்டாம். அங்கே ஒரு நிபந்தனைச் சொல்லைத் தவறவிட்டால் ஆலையின் பணம் போகும். அந்த அமர்வுக்கு மட்டும் சென்னையிலிருந்து மூத்த இன்டர்பிரட்டர் ஒருவரை இணையவழியில் அமர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். தணிக்கையில் அடிபட்ட ஆலைக்கு இந்த நேர்மையின் அருமை தெரியும்.

ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. ஆகவே என்-3 சான்றிதழ் நீங்கள் ஓரளவு புரிந்துகொள்வீர்கள் என்று சொல்கிறதே தவிர, வாய் திறப்பீர்கள் என்று சொல்லவில்லை. இருக்கிற சில வாரங்களில் இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாய்க்குப் பயிற்சி கொடுங்கள். தினமும் 20 நிமிடம், ஜப்பானிய ஆலைகளைச் சுற்றிக்காட்டும் காணொலி ஒன்றை ஓடவிட்டு, பேசுபவருக்கு அரை நொடி பின்னாலேயே அதே சொற்களைச் சொல்லிக்கொண்டு போங்கள். பிறகு அதையே இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். மூன்றாவதாக, தமிழில் சொன்னதை மறுபடி ஜப்பானியத்துக்குக் கொண்டுபோங்கள். திணறல் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் வரும். நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள்.

ஆலையிடம் குறைந்தது பத்து நாள் முன்னதாகக் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் உண்டு. நிகழ்ச்சி நிரல், வருபவர்களின் பெயரும் அதன் சரியான உச்சரிப்பும் பதவியும், பொருளின் வரைபடம், கன்ட்ரோல் பிளான், போன தணிக்கையின் அறிக்கை, அதற்கு ஆலை கொடுத்த பதில். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கன்ட்ரோல் பிளானைக் கேளுங்கள். எந்தக் கட்டத்தில் எதை, எந்தக் கருவியால், எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்பது முழுவதும் அதில் இருக்கும். நான்கு நாளும் பேச்சு அதைச் சுற்றித்தான் நடக்கும். தர மறுத்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஒரு நாள் ஆலைக்கே போய் சூப்பர்வைசர் ஒருவரோடு கச்சாப்பொருள் ஸ்டோரிலிருந்து டெஸ்பாட்ச் வரை நடந்து வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பெயர் எழுதுங்கள்: ஆபரேட்டர் சொல்வது, வரைபடத்தில் இருப்பது, ஜப்பானியப் பெயர். கம்பவுண்டு (கலவை ரப்பர்), மோல்டு (அச்சு), பிரஸ், க்யூரிங் (ரப்பரைச் சூட்டில் இறுக்குவது), ஃபிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் பிசிறு), டிரிம்மிங் (அதை வெட்டி நீக்குவது) என்று ஆலையில் வழங்குவதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘வார்ப்பச்சு’, ‘பிசிறு’ என்று தூய தமிழில் சொன்னால் பிரஸ் ஓட்டுபவர் உங்களைப் பார்த்து விழிப்பார். மோல்டுக்குக் கனகதா, க்யூரிங்குக்குக் கர்யூ, ஃபிளாஷுக்குப் பரி, கடினத்தன்மைக்குக் கோதோ, பரிசோதனைக்குக் கென்ஸா. இப்படி 150 சொல் சேர்ந்தால் போதும்.

இந்தப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், ஜப்பானிய ஒலியெழுத்தான கானாவிலேயே எழுதுங்கள். குறில் நெடிலும் இரட்டித்த ஒற்றும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை, அவற்றில் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. நம் சிக்கல் வேறு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்தைப் பொறுத்து வன்மையாகவோ மென்மையாகவோ தானே மாறும், எழுத்து மாறாது. ஜப்பானியத்தில் அந்த மாற்றமே பொருளை மாற்றும். மேலே ‘பரி’ என்று எழுதியதன் முதலெழுத்து ‘பஸ்’ என்பதில் வரும் ப; ‘கோதோ’வின் த ‘பந்து’ என்பதில் வரும் த. இன்னும் ஆபத்தான ஜோடி ஒன்று உண்டு. முனை என்பதற்கான ‘சென்தன்’, வெட்டுவிசையில் அறுபடுவதற்கான ‘சென்தன்’. முன்னதில் ‘பத்து’ என்பதன் த, பின்னதில் ‘பந்து’ என்பதன் த. ன்-னுக்குப் பின் வரும் த நம் நாக்கில் தானாக மெலிந்துவிடும் என்பதால், பாகத்தின் முனையைப் பற்றிச் சொல்லப்போய் பாகம் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவீர்கள். பொறியாளர் பதறுவார். இப்படிப்பட்ட ஜோடிகளைப் பட்டியலில் சிவப்பால் குறித்து, செல்போனில் பதிவுசெய்து, உங்கள் ஆசிரியரிடம் போட்டுக் காட்டுங்கள்.

தணிக்கையில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். குறை ஏன் உண்டானது என்பது ‘ஹஸ்ஸே’ காரணம். உண்டான குறை சோதனையில் பிடிபடாமல் ஏன் வெளியே போனது என்பது ‘ர்யூஷுட்ஸு’ காரணம். இரண்டையும் ‘காரணம் என்ன?’ என்று ஒரே கேள்வியாகத் தமிழில் சொல்லிவிட்டால், ஆலைக்காரர் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்வார், கேட்டவர் மறுபடி மறுபடி கேட்பார், அரை மணி நேரம் வீணாகி இரு பக்கமும் எரிச்சலாகும். ‘எப்படி வந்துச்சு, எப்படித் தப்பிச்சு வெளிய போச்சு’ என்று பிரித்துக் கேளுங்கள். இதேபோல, இப்போதைக்குச் செய்திருக்கும் ஏற்பாடு ‘ஸன்தே’, நிரந்தரத் தீர்வு ‘கோக்யூ’. ‘சரி பண்ணிட்டோம்’ என்று ஆலையில் சொன்னால் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சொல்லுங்கள்.

எண்களில்தான் நல்ல இன்டர்பிரட்டர்களும் சறுக்குகிறார்கள். நாம் லட்சம், கோடி என்று அடுக்குகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை ஒரு ‘மன்’ என்றும் பத்துக் கோடியை ஒரு ‘ஒகு’ என்றும் அடுக்குகிறார்கள். லட்சத்தைப் பத்தால் பெருக்கினால் மன். மாதம் 3 லட்சம் பீஸ் என்றால் 30 மன். கோடியை ஆயிரத்தால் பெருக்க வேண்டும்: 1.2 கோடி என்றால் 1,200 மன். ஒகு வந்தால் பத்தால் பெருக்கிக் கோடியாக்குங்கள்: 3 ஒகு, 30 கோடி. இதை நோட்டின் முதல் பக்க மூலையில் எழுதி வையுங்கள். எந்த எண்ணையும் வாயால் மட்டும் சொல்லாமல் தாளில் எழுதி இரு தரப்புக்கும் காட்டுங்கள்.

அளவுகளில் ‘ஹ்யாகு-புன்-நோ-கோ’ என்று கேட்டால் நூறில் ஐந்து, அதாவது 0.05 மில்லிமீட்டர். ஆலைக்காரருக்கு 50 மைக்ரான் என்று சொன்னால் உடனே பிடிபடும். ‘இஜோ’ என்றால் சொன்ன எண்ணும் அதற்கு மேலும், ‘மிமன்’ என்றால் அதற்குக் கீழே, சொன்ன எண் சேராது. ‘60 இஜோ’வை ‘60-க்கு மேல’ என்று சொன்னால் சரியாக 60 இருக்கும் பீஸை ஒதுக்கிவிடுவார்கள். ‘60-ம் அதுக்கு மேலயும்’ என்று சொல்லுங்கள். பிரஸ் ஓடும் சத்தத்தில் இச்சி (ஒன்று), ஷிச்சி (ஏழு) இரண்டும் ஒன்றாகவே கேட்கும், ஏழுக்கு ‘நனா’ என்றே சொல்லுங்கள். தேதியில் நாலாம் தேதி ‘யொக்கா’, எட்டாம் தேதி ‘யோகா’. கிழமையையும் சேர்த்துச் சொல்லி உறுதிசெய்யாமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவர வேண்டாம். ‘இந்த மோல்டுல அடிச்ச பீஸோட ஃபிளாஷ் 0.2-ஐத் தாண்டுறதால, நாளைக்குள்ள மோல்டைக் கழட்டிப் பார்க்கணும்’ என்ற வாக்கியம் ஏறக்குறைய இதே வரிசையிலேயே ஜப்பானியத்துக்குப் போகும். இரண்டிலும் வினை கடைசியில் நிற்கிறது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது, ‘என்று’ போடும் இடமும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் யோசித்தால் வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாக்குகிறீர்கள். ஆனால் ஆம், இல்லை, முடியாது, முடிந்தது எல்லாமே கடைசிச் சொல்லில்தான் தெரியும் என்பதால், அது காதில் விழும் முன் பேசத் தொடங்காதீர்கள். குறிப்பெடுக்கும்போது பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அந்த முடிவை மட்டும் அங்கே எழுதுங்கள். இடப்பக்கம் எண்ணும் பெயரும் அலகும் இருந்தால் போதும்.

பேசுபவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள், ‘அவர் சொல்றாரு’ வேண்டாம். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி முதல் நாள் காலையிலேயே இரு தரப்பிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஸ் பக்கத்தில் நின்று கத்த வேண்டாம், பார்த்துவிட்டு நடைபாதைக்கு வந்து பேசச் சொல்லுங்கள். ஜப்பானியர் ‘ஹை, ஹை’ என்பது பல நேரம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான். ஆலைக்காரர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நடுவில் நிறுத்திச் சொல்லுங்கள். ‘முஸுகஷீ’ என்று இழுத்தால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். நம்மவர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு மறுப்பாகத் தெரியும், ஆமாவா இல்லையா என்று வாயால் சொல்லவைத்து அதை மொழிபெயருங்கள். கெய்கோ என்னும் உயர்மரியாதை நடை சரியாக வரவில்லையே என்று கலங்க வேண்டாம். வழக்கமான மரியாதை நடையான ‘தெஸு, மஸு’ போதும்.

மாலையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். மதியம் 12.30 முதல் 4 மணி வரை நடை சாத்தியிருக்கும், செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது. இவற்றைக் காரில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். முக்குறுணி விநாயகரைக் காட்டும்போது ஜப்பானியப் பௌத்தத்தின் கங்கிதென் விநாயகர்தான் என்றும், சரஸ்வதி அங்கே பென்ஸைதென் என்றும் சொன்னால் அவர்களாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். இரவுச் சாப்பாட்டில் யாராவது ‘தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது’ என்று சொல்லச் சொல்வார். அது அவர் கருத்தாகவே போகட்டும். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு இரு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டது உண்மை, மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை.

சம்பளத்தை நாள் கணக்கில் கேளுங்கள். ஒரு நாள் என்றால் எட்டு மணி நேரம் என்று எழுதுங்கள். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, விருந்தும் கோயிலும் வேலை நேரமே, போக்குவரத்து தனி, அறிக்கையை எழுத்தில் மொழிபெயர்ப்பது தனி, மூன்று நாளுக்குள் ரத்து செய்தால் பாதித் தொகை. சென்னையில் என்-3, என்-2 நிலையில் இருப்பவர்கள் வாங்கும் நாள் தொகையை உங்கள் பயிற்சி மையத்தில் விசாரித்து அதையே கேளுங்கள். மதுரைதானே என்று குறைக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஆளை வரவழைத்தால் பயணமும் அறை வாடகையும் ஆலையின் தலையில்தான் விழும். தனியாளாக நான்கு நாள் தொடர்ந்து பேச முடியாது, ஒன்றரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளையை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பான் எண் கொடுத்து, டிடிஎஸ் பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வருமானம் வரி கட்டும் அளவை எட்டாவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம். கடைசி நாளே பில்லைக் கொடுத்துவிடுங்கள், வாங்கிய தாள்களையும் அன்றே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.